தண்ணீர் சிந்திய மெத்தை

“செருப்பைக் கழற்றிட்டு நல்லாப் படுத்துப் பாருங்கம்மா. உட்கார்ந்து பார்த்து வாங்க இது நாற்காலி இல்ல” என்றார் விற்பனையாளர்.

மாமியார் மெமரி ஃபோம் மெத்தையில் மெதுவாகச் சாய்ந்தார். மெத்தை அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கிக்கொண்டது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

“எப்படிம்மா இருக்கு?” மெத்தை வாங்கித் தருவதற்கென்றே வெளியூரிலிருந்து வந்திருந்த மகள் குனிந்து கேட்டாள்.

“அமுங்குது.”

“அமுங்கல, அணைக்குது” என்று விற்பனையாளர் திருத்தினார். “நம்ம உடம்போட அச்சை ஞாபகம் வச்சுக்கும். அதனாலதான் மெமரின்னு பேரு.”

“புதையுது” என்றாள் மருமகள்.

ஒரே பள்ளத்துக்கு மூன்று சொற்கள். மகள் விற்பனையாளரின் சொல்லையே ஏற்றுக்கொண்டாள். “அணைக்குதாம்மா!”

எழுந்திருக்க மாமியாருக்கு ஒரு கை தேவைப்பட்டது. மருமகளின் கை அதற்கு முன்பே நீண்டிருந்தது.

“என்ன அளவு?”

மருமகள் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். ஆறேகால் அடிக்கு ஐந்தடி.

“ரெண்டு பேர் படுக்கிற கட்டிலா?”

“அப்பா இருந்தப்போ வாங்கினது. இப்ப அம்மா ஒருத்திதான். தாராளமா உருளட்டுமே” என்றாள் மகள்.

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமியாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்தது லேடெக்ஸ். “ரப்பர் மரத்துப் பால்ல செஞ்சது. அமுக்கினா உடனே எழும்பும், பாருங்க.”

மாமியார் படுத்தார், புரண்டார், யார் கையும் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்தார்.

“தாங்குது” என்று முணுமுணுத்தவர், சட்டென்று, “ஆனா அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு” என்று முதல் மெத்தையைக் காட்டினார்.

“இது துள்ளுதும்மா. மெத்தையா, பந்தா?” என்று மகளும் ஒத்துப் பாடினாள்.

“அதுல வேர்க்குதுன்னு இப்பத்தானே என் காதுல சொன்னீங்க அத்தை?”

“நானா? எப்பச் சொன்னேன்?” என்றார் மாமியார். கடையின் விளம்பரத் தாள் அவர் கையில் விசிறியாக ஆடிக்கொண்டிருந்தது.

விற்பனையாளர் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். மெமரி ஃபோமின் ஒரு கோடியில் அதை வைத்துவிட்டு, மறு கோடியில் தொப்பென்று உட்கார்ந்தார். தண்ணீர் அசையவில்லை.

“இந்தப் பக்கம் யானை புரண்டாலும் அந்தப் பக்கம் எறும்பு முழிக்காது!”

“இன்னொரு தடவை உட்காருங்க தம்பி” என்றார் மாமியார்.

உட்கார்ந்தார்.

“எழுந்திருக்கும்போதும் இப்படித்தானா?”

“எழுந்தாலும் தெரியாதும்மா.” எழுந்தும் காட்டினார்.

லேடெக்ஸில் அதே டம்ளர் ஆடியது. உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் சிந்தியது. விற்பனையாளர் துணியால் துடைத்துக்கொண்டே, “இதுல அசைவு கொஞ்சம் தெரியும். மறைக்கக் கூடாது பாருங்க” என்றார்.

“இதையே குடுத்துடுங்க” என்றாள் மருமகள்.

“எதை? தண்ணி கொட்டினதையா?” மகளின் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் தலையணை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். “அம்மா அதுல கண்ணை மூடிப் படுத்ததைப் பார்த்தேல்ல? அவங்க மெத்துன்னு படுத்தா உனக்கு என்ன குறைஞ்சுபோகுது?”

“அதுக்கில்ல அண்ணி...”

“எதுக்கில்ல? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க? படுக்கப்போறது நீயா இருந்தா இப்படிச் சொல்லுவியா?”

“நானுந்தான் படுக்கப்போறேன்.”

மகள் தாயைப் பார்த்தாள். தாய் டம்ளரைப் பார்த்தார்.

“உங்க தம்பி கப்பல் வேலைக்குப் போன மறுவாரம், அத்தை ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுந்துட்டாங்க. அடுத்த ரூம்ல இருக்கிற என்னைக் கூப்பிடவே இல்ல. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு வேற என் வாயை அடைச்சுட்டாங்க. அன்னிலேருந்து பக்கத்துலதான் படுக்கிறேன். அப்பவும் பூனை மாதிரி எழுந்து போறாங்க. பழைய மெத்தையில ஸ்பிரிங் கிறீச்னு கத்திக் காட்டிக்குடுத்துடும். இப்ப அந்த ஸ்பிரிங்கே முதுகைக் குத்துதேன்னுதான் புதுசு வாங்க வந்தோம். அவங்க அசைஞ்சா எனக்குத் தெரியணும் அண்ணி, அவ்வளவுதான்.”

மகள் விற்பனையாளரிடம் திரும்பி, “ரப்பர் மெத்தையையே போடுங்க” என்றாள்.

“வேண்டாம். யானை மெத்தையைப் போடுங்க” என்றார் மாமியார்.

“அம்மா! அவ உன் நல்லதுக்குத்தானே சொல்றா? அது அவ்வளவு பிடிச்சுப்போச்சா உனக்கு?”

“பிடிக்கிறதாவது! சேத்துல கால் வச்ச மாதிரி இருக்கு. வேர்த்து ஊத்துது.”

“அப்புறம் எதுக்கும்மா அதுதான் வேணும்னு நிக்கிறே?”

“விடியறதுக்குள்ள எழுந்து, ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சு வேலைக்கு ஓடுறவ இவ. நான் எழுந்திரிக்கிறது இவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்டி அதைக் கேட்டேன்.”