ஏணிக்கு ரப்பர்

தண்ணீர் இரண்டாவது மாடி சன்ஷேடைத் தொட்டது. அதற்கு மேல் போகாமல் வளைந்து கீழே விழுந்தது.

மூன்றாவது மாடி சன்ஷேடில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. அது அசையவே இல்லை.

"இன்னொருக்கா விடுங்க," என்றாள் அவள்.

பம்புக் கடைக்காரர் மறுபடி பம்பைப் போட்டார். கடைக்குப் பின்னால் நின்ற அவருடைய குடோன் சுவர்தான் சோதனைக்கு. அவள் வந்ததிலிருந்து அந்தச் சுவர் குளித்துக்கொண்டே இருந்தது.

புறா கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தது.

"அவ்வளவுதானுங்களா?"

"சாஃப்ட் வாஷுங்க இது. மெதுவாத்தான் அடிக்கும். வேகமா அடிச்சா பாசியோட பெயிண்டும் உரிஞ்சு வந்துரும். அப்புறம் வீட்டுக்காரர் உங்க தோலை உரிச்சுருவாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? மழைக்காலம் முடிந்தால் ஈரோட்டு வெள்ளைச் சுவர்களெல்லாம் கரும்பாசி பிடித்து நிற்கும். மருந்தைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெல்லிய தண்ணீரில் அலசிவிடுவதுதான் அவளும் கணவன் தனபாலும் செய்கிற வேலை. வேறு ஆள் கிடையாது. அவன் மேலே. அவள் கீழே, ஏணியைப் பிடித்துக்கொண்டு.

இதுநாள் வரை மஞ்சள் காட்டுக்கு மருந்தடிக்கிற பம்பை வைத்தே ஒப்பேற்றினார்கள். பாசி மருந்து அதன் பித்தளையை அரித்துத் தின்றுவிட்டது.

தோளில் மாட்டுகிற பம்புதான் வேண்டும் என்று தனபால் சொல்லி அனுப்பியிருந்தான். அதுவும் அங்கே ஓரமாக இருந்தது. கைக்கு அடக்கமான பம்பு. மாட்டிக்கொண்டு கிடுகிடுவென்று ஏணியில் ஏறிவிடலாம்.

அதனால்தான் அவள் அதன் பக்கமே போகவில்லை.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது சக்கரம் வைத்தது. தரையிலேயே நிற்கும். நீளமான குழாய். கீழே நின்று அண்ணாந்து அடிக்கலாம்.

இரண்டு மாடி வரைக்கும்.

"மூணாவது மாடிக்கு?"

"ஏணி போட்டுத்தானுங்க ஆவணும்."

பைக்குள் போன் அடித்தது. தனபால்தான். மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். கால் மட்டும்தான் கிடந்தது. வாய் ஊரெல்லாம் வேலை பிடித்துக்கொண்டிருந்தது.

"வாங்கிட்டியா புள்ளே? தோள்ல மாட்டறதுதானே? ஏணிக்கு ரப்பர் வாங்க மறந்துறாத. கல்யாண மண்டபக்காரர்கிட்ட மூணு மாடியும் நாமதான்னு சொல்லிப்போட்டேன்."

"காலு இன்னும் ஆறலை."

"கட்டைப் பிரிக்கட்டும். ஓடிக் காட்டறேன் பாரு."

வைத்துவிட்டான்.

ஓடட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும். தரையில் ஓடட்டும்.

அவன் காலை உடைத்துக்கொண்ட அன்றைக்கும் அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். சுவரில் வழிந்த மருந்து ரோஜாத் தொட்டிகளின் பக்கம் இறங்கியது. பட்டால் செடி கருகிப்போகும். பாசி போனதை எந்த வீட்டுக்காரர் பார்த்தார், ரோஜா போனதைத்தான் பார்ப்பார்.

"செடியைப் போர்த்து புள்ளே!" என்று மேலேயிருந்து கத்தினான்.

அவள் ஏணியை விட்டுவிட்டு ஓடினாள்.

டைல்ஸ் முழுக்க மருந்துத் தண்ணீர். ஏணிக்கால் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது.

தார்ப்பாயை விரித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

ரோஜாச் செடி ஒன்றுகூடக் கருகவில்லை.

அவள் கைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. ஏணிக்காலை அதன்மேல் வைத்து, அளவுக்காகச் சுற்றிலும் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

ரப்பரை வாங்கிக்கொண்டு போனால் ஏறுவான். வாங்காமல் போனால் தேய்ந்த ரப்பரோடு ஏறுவான்.

காலையிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் மாட்டிக்கொண்டு நின்றாள். கடைக்காரர் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"கடைசியா ஒருக்கா," என்றாள். இந்த முறை குழாயை அவளே வாங்கிக்கொண்டாள்.

குழாயை நேராக மேலே நீட்டினாள். தண்ணீர் ஏறியது. குதிகாலை உயர்த்திப் பார்த்தாள். கையை எட்டுமட்டும் தூக்கிப் பார்த்தாள். சன்ஷேடைத் தொட்டு, அதே இடத்தில் வளைந்து, அவள் முகத்திலேயே சாரலாக விழுந்தது.

புறா கண்ணை மூடிக்கொண்டது.

"இதையே குடுத்துருங்க."

"மூணாவது மாடிக்கு என்னங்க பண்ணுவீங்க?"

"ரெண்டு மாடி போதுமுங்க."

மூன்றாவது மாடி இல்லை என்று மண்டபக்காரருக்கு அவள்தான் போன் செய்ய வேண்டும். விஷயம் தெரிந்தால் தனபால் கட்டுப்போட்ட காலோடு வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் இது வேறு பயம். இதோடு படுத்தால் தூக்கம் வரும்.

கடைக்காரர் பம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வந்ததும் ஏணிக்கு ரப்பர் கேட்டீங்களே. என்ன அளவுங்க?"

அவள் காகிதத்தை எடுத்து விரித்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடித்து உள்ளே வைத்தாள்.

"பழைய ஏணி எடுத்துக்குவீங்களா?"

"எடுத்துக்கலாமுங்க. எப்படி இருக்குது? கீழ விழுந்து கிழுந்து வளைஞ்சிருக்குதா?"

முகத்து ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"விழுந்துதுங்க. ஏணிக்கு ஒண்ணும் ஆகலீங்க."