தங்கைக்கென்று கலந்தது

கதவை உதைத்துக்கொண்டு தங்கையின் கணவன் உள்ளே வந்தபோது, அக்கா விற்பனைக்கான கூந்தல் கண்டிஷனரை அடுப்பில் கிளறிக்கொண்டிருந்தாள்.

“அவ எங்க?”

“யாரு மாப்பிள்ளை?”

“நடிக்காதீங்க. உங்க தங்கச்சிதான். காலையில வீட்டை விட்டு ஓடிட்டா.”

பீரோவைத் திறந்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அக்கா கரண்டியை நிறுத்தவில்லை. கை ஓய்ந்தால் க்ரீம் திரிந்துவிடும். தவிர, கைக்கு வேலை இல்லையென்றால் அது அவன் கன்னத்துக்குப் போய்விடும்.

“எல்லாம் உங்களால வந்த வினை” என்று அலமாரியிலிருந்த பாட்டில்களைத் தட்டிவிட்டான். “இந்தக் கண்டிஷனர் எழவை அவளுக்கு யாரு குடுக்கச் சொன்னது?”

“நல்ல கதையா இருக்கே. தலைக்கு க்ரீம் தடவினா பொண்டாட்டி ஓடிருவாளா? முடி கொட்டுச்சா?”

“கொட்டல.”

“அரிச்சுதா?”

“ஒரு மண்ணும் இல்ல.”

“பின்ன என்னதான் உங்க புகார்? ஊரே பட்டு மாதிரி இருக்குன்னு வாங்கிட்டுப் போகுது.”

“பட்டு மாதிரி இருந்துதான் தொலைஞ்சுது” என்று கத்தினான். “எப்பவும் போல முடியைக் கொத்தாப் புடிச்சு இழுத்தேன். கையில நிக்காம வழுக்கிருச்சு. அடுத்த அடி விழறதுக்குள்ள வாசலைத் தாண்டிட்டா.”

அக்கா அடுப்பை அணைத்தாள்.

“போன மாசம் அவளுக்குத் தலை வாரிவிட்டப்ப, நீங்க புடுங்கின இடத்தையெல்லாம் பாத்தேன் மாப்பிள்ளை. அன்னிக்குத்தான், முடியை வழவழப்பாக்குற மெழுகை அவ பாட்டில்ல மட்டும் மூணு பங்கு சேர்த்தேன்.”