பரவை

‘தலைவனின் படகு பறவையின் நடுவே தத்தளிக்கிறது.’

எழுதிவிட்டு, அவள் பேனாவை நிறுத்தினாள்.

பக்கத்து நாற்காலியில் இசக்கியம்மாள் அடுத்த வரியைச் சொல்லத் தொடங்கியிருந்தாள். இசக்கியம்மாளைப் போன்ற பார்வையற்றவர்களுக்குத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல். அதிலும் முக்கால் மணிதான் மிச்சம்.

சொல்வதை எழுத வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. காலையில் மூன்று முறை சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். பேசியது தெரிந்தால் தாளையே நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

தாள் இசக்கியம்மாளுடையது. போன வருடம் இதே தமிழ் இலக்கியத் தாள் நான்கு மதிப்பெண்ணில் போனது. இந்த முறை தேறினால்தான் பி.எட். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவள் பேசாமல் எழுதினாள். அடுத்த வரியிலும் படகு வந்தது.



கல்லூரியில் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் அவள் பெயர் இருந்த ஒரே இடம் வருகைப் பதிவேடு. நாடகக் குழுவில் குரல் போதாது என்றார்கள். கோலப் போட்டியில் ஒரு புள்ளி தப்பி, மயில் கோழியாகிவிட்டது. கடைசியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தாள். அங்கே யாரையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

தமிழ்த் தேர்வுக்குத் தமிழ் படிக்கும் பிள்ளைகள் எழுதித் தரக் கூடாது. அது விதி. வேதியியலில் இருந்து இவளைப் பிடித்தார்கள்.

“தமிழ் எழுத வருமா?” என்று கேட்டார் நலப்பணித் திட்ட மேடம்.

வரும் என்றாள்.

பொய் இல்லை. பள்ளியில் இந்தி எடுத்தவள். தமிழைக் கடைப் பலகைகளிலும் பேருந்துகளின் நெற்றியிலும் படித்துக்கொண்டாள். எல்லா எழுத்தும் வரும். எங்கே எது என்பதுதான் கொஞ்சம் குத்துமதிப்பு.

இந்தப் பதிலின் முதல் வரியிலிருந்தே ஒரு பறவை வந்துகொண்டிருந்தது. தலைவி பறவையிடம் அழுதாள். பறவை பதில் சொல்லவில்லை. எழுத எழுத அவளுக்கு அந்தப் பறவையைப் பிடித்துப்போயிற்று. ‘பறவை பொங்கியது’ என்று வந்தபோதுகூட, ஏதோ கோபம் போலிருக்கிறது என்று எழுதிவிட்டாள்.

ஆனால் படகு?

கேட்டால் தப்பு. கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“அக்கா. பறவைக்கு நடுவுல படகு எப்படிப் போகும்?”

இசக்கியம்மாள் சொல்வதை நிறுத்தினாள். மேசைமேல் அவளுடைய விரல்கள், அங்கே இல்லாத பிரெயில் புள்ளிகளைத் தடவின.

“எந்த ர போட்டிருக்க பிள்ள?”

“பெரிய ற.”

“சின்ன ர. பரவைன்னா கடலு.”

கடல்.

அவள் தாளைப் பார்த்தாள். பக்கம் முழுக்கப் பறவைகள்.

“என்ன பேச்சு அங்க?”

மேற்பார்வையாளர் வந்து நின்றார். அவள் எழுந்து நின்றாள். “தப்பு என்னோடது சார். அவங்க சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் வேற எழுத்து போட்டுட்டேன்.”

அவர் தாளை எடுத்தார். படித்தார். ஒரு பக்கம். திருப்பி இன்னொரு பக்கம்.



“பறவை பொங்குதா?” என்றார். தாளை மேசையில் வைத்தார். “அடிச்சிட்டு ஒழுங்கா எழுது.”

அவர் போய்விட்டார்.

பதினான்கு இடம். பதினான்கு பறவைகளும் ஒவ்வொன்றாய்க் கடலாயின.

அப்புறம் இசக்கியம்மாள் வேறு மாதிரி சொன்னாள். சின்ன ர. பெரிய ற. மூணு சுழி. ரெண்டு சுழி. சுழியைக் கண்ணால் கண்டிராதவள், ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னாள். பார்வை உள்ளவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். முந்தைய பதில்களில் சந்தேகமான இடங்களை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்ட, ஒளிந்திருந்த ஏழு தப்புகளும் அகப்பட்டன.

மணி அடித்தபோது கடைசி வரியும் முடிந்திருந்தது.

வராந்தாவில் நல்ல காற்று. இசக்கியம்மாள் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.  யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் தூணோரம் கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இந்தக் கல்லூரியில் அப்படி இருந்தது இதுதான் முதல் தடவை.

“நான் கேட்டிருக்கக் கூடாதுல்லக்கா?”



“போன வருசம் எழுதின பிள்ளயும் நல்ல பிள்ளதான். ஒரு வார்த்த குறுக்க கேக்கல. முடிச்சிட்டு, முழுசையும் திருப்பி வாசிச்சுக் காட்டிச்சு.”

பிடி கொஞ்சம் இறுகியது.

“கேக்கதுக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.”



நலப்பணித் திட்ட அறை திறந்திருந்தது. சுவரில் பட்டியல். இசக்கியம்மாளுக்கு இன்னும் மூன்று தாள். எழுதித் தருபவர் பெயருக்கான கட்டங்கள் காலியாக இருந்தன. இன்றைய கட்டத்தில் ‘வேதியியல், இரண்டாம் ஆண்டு’ என்று மட்டும் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

அவள் பேனாவைத் திறந்தாள். தன் பெயரை அவள் எப்போதும் ஆங்கிலத்தில்தான் எழுதுவாள். இங்கே மேலே இருந்தவர்கள் எல்லோரும் தமிழில் எழுதியிருந்தார்கள்.

முதல் எழுத்தைப் போட்டாள். நின்றாள்.

“அக்கா. நறுமுகைக்கு எந்த ர?”

“பெரிய ற. அது யாரு பிள்ள?”

“நான்தான்.”