தட்டிவிட்டு உள்ளே வரவும்

“கதவைத் தட்டாமலேயா உள்ள போனீங்க?”

மனைவி கேட்ட தொனியிலேயே மிஷனரிக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்குத் தப்பிக்க முடியாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“பூட்டலையே. சும்மா சாத்தித்தான் இருந்தது.”

“சாத்தியிருந்தா திறந்திருக்குன்னு அர்த்தமா?”

அவர்கள் முன்பு இருந்த இடத்தில் அப்படித்தான் அர்த்தம். அங்கே கதவைத் தட்டுகிறவர் போலீஸ்காரர் மட்டும்தான். மற்றவர்கள் பேசிக்கொண்டே உள்ளே வந்து, பேசிக்கொண்டே உட்காருவார்கள். தட்டினால் வீட்டுக்காரர் மனசு சங்கடப்படும், நம்மை வேற்று ஆளாக நினைத்துவிட்டாரே என்று. அந்தப் பழக்கத்தில்தான் எதிர் ஃப்ளாட்டுக்குள் நுழைந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, “எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டும் விட்டார்.

எதிர் ஃப்ளாட்காரர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். அந்த நேரம் பார்த்து அவர் முடிக்கு டை அடித்து, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, பனியனோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய முடி பிறவியிலேயே அந்தக் கறுப்பு என்று அந்தக் கட்டடமே நம்பிக்கொண்டிருந்தது.

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லலை. வாசலைக் காட்டினார்.” மிஷனரி தலையைச் சொறிந்தார். “பையிலேருந்து ஒரு சொட்டு மூக்கு மேல வழிஞ்சுது. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன்.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

மனைவிக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

மிஷன் அவர்களைக் கடைசிப் பணிக்காலத்துக்கு இந்த நகரத்துக்கு அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. கட்டடத்தில் எல்லாருக்கும் இந்தத் தம்பதி ஒரு வேடிக்கை. பேச்சில் ஒரு ராகம். லிஃப்டில் ஏறியதும் இருக்கிறவர்கள் அத்தனை பேரிடமும் “சாப்பிட்டாச்சா?” என்று விசாரிப்பார் மிஷனரி, அவர்கள் கைபேசியிடம் அடைக்கலம் புகுவார்கள். வாட்ச்மேன் அவரை ‘ஃபாதர்’ என்று கூப்பிடுவார், பக்கத்தில் மனைவியை வைத்துக்கொண்டே. இத்தனை பேரில் அவளைப் பார்த்து, “ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன்” என்று சொன்னது மேனேஜரின் மனைவி ஒருத்திதான்.

“எனக்குன்னு ஒரே ஒரு சிநேகிதி அமையற மாதிரி இருந்தது. அதுலயும் மண்ணைப் போட்டாச்சு. என்னால முடியலைங்க. திரும்பிப் போயிடலாம். மிஷன்ல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

காய்ச்சலில் கிடந்தபோதும், காற்றில் கூரை பறந்தபோதும் “போயிடலாம்” என்று ஒரு வார்த்தை சொல்லாதவள். மிஷனரி செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“சாயந்திரம் ரெண்டு பேரும் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரலாம். அப்பவும் உனக்கு இப்படியே தோணிச்சுன்னா, நானே பெட்டி கட்டறேன்.”

இங்கே மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று வாட்ச்மேனிடம் பாடம் கேட்டுக்கொண்டார். முதலில் ஃபோன் செய்து வரலாமா என்று கேட்க வேண்டும். பிறகு காலிங்பெல். ஒரே ஒரு தரம்தான்.

அப்படியே செய்தார். அவர் இந்த ஹாலில் பேசியது அந்த ஹாலில் ஃபோன் இல்லாமலே கேட்டிருக்கும். “அரைமணி கழிச்சு வாங்க” என்றார் மேனேஜர். இருவரும் உடுத்திக்கொண்டு, ரயிலுக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர்கள் மாதிரி சோபா நுனியில் காத்திருந்தார்கள்.

மேனேஜரின் தலை கருகருவென்று இருந்தது. காது மடலும் கொஞ்சம். மிஷனரி பார்வையைத் தரையை விட்டு எடுக்காமல் மன்னிப்புக் கேட்டார். மேனேஜர் “பரவாயில்லை” என்று பேப்பரிடம் சொன்னார்.

மேனேஜரின் மனைவி தட்டில் டீ கொண்டுவந்தாள்.

“வேணாம்மா,” என்றார் மிஷனரி, பழக்க தோஷத்தில்.

தட்டு அப்படியே திரும்பி உள்ளே போனது. மனைவியின் டீயும் அதோடு சேர்ந்து போனது. தவறவிட்ட பஸ்ஸைப் பார்ப்பதுபோல மிஷனரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் மனைவிக்குக் காலையிலிருந்து வராத சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அவர் வேணாம்னா வேணும்னு அர்த்தங்க. நாங்க இருந்த இடத்துல மூணு தடவை வற்புறுத்தணும். அதுக்கு முன்னாடியே வாங்கிட்டா, அலையறான்னு நினைப்பாங்க.”

பேப்பர் மெல்ல இறங்கியது. மேனேஜர் முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு தொப்பையால். தட்டைத் திரும்ப வரவழைத்து அவரே நீட்டினார்.

“எடுத்துக்குங்க, ஒருதரம். எடுத்துக்குங்க, ரெண்டுதரம். எடுத்துக்குங்க, மூணுதரம்.”

ஏலம் முடிந்ததும் மிஷனரி எடுத்துக்கொண்டார்.

“ஒண்ணு சொல்லணும் ஃபாதர். எங்க பாஷையை நல்லாவே கத்துக்கிட்டீங்க. உச்சரிப்புதான் கொஞ்சம் இழுக்குது.”

“சின்ன வயசுலயே ஆரம்பிச்சுட்டேன்,” என்றார் மிஷனரி அடக்கமாக. மனைவி அவர் காலை மிதித்தாள்.

“நாளைக்கு என்கூட மார்க்கெட்டுக்கு வாங்க,” என்றாள் மேனேஜரின் மனைவி அவளிடம். “இந்த ஊரை உங்களுக்கு நான் சுத்திக் காட்டறேன்.”

“வேணாங்க…” என்று ஆரம்பித்தவள் பதறிப்போய், “வர்றேன், வர்றேன்” என்றாள்.

மிஷனரி மனசுக்குள் பெட்டியைத் திறந்து துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினார்.

“எங்க பழக்கமெல்லாம் பிடிபடக் கொஞ்ச நாளாகும், கவலைப்படாதீங்க,” என்று தேற்றினார் மேனேஜர். “ஆமா, உங்களுக்குச் சொந்த ஊர் எது? ரொம்ப தூரமோ?”

மிஷனரி ஜன்னல் வழியே, தெருவுக்கு எதிர்ப்புறம் விளக்கு எரிந்த மருந்துக்கடையைக் காட்டினார்.

“அந்தக் கடை இருக்கற இடத்துலதான் நான் பிறந்த வீடு இருந்தது. முப்பது வருஷம் வெளிநாட்டுல ஊழியம் பண்ணிட்டு இப்பத்தான் திரும்பியிருக்கோம். இவளுக்கு அடுத்த தெரு.”