ஐந்தாவது கட்டு

மனுஷன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

வண்டிக்காரன் ஐந்து பேப்பர் கட்டுகளை நடைபாதையில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வந்தது கடைக்காரரின் மனைவி. மூன்று வருஷமாக முதுகுவலி என்று ஆஸ்பத்திரிக்குத் தவிர மாடி வீட்டைவிட்டுப் படியிறங்காமல் கிடந்தவள்.

ஜெராக்ஸ் கடைக்காரரோ பின்னல் நாற்காலியில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்த சட்டக் கல்லூரி மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். படிப்பால் வந்த பெயரில்லை. ஒரு பக்கம் மங்கலாக விழுந்தால் அரைமணி நேரம் வாதாடுவாள்.

"அண்ணா, அக்கா தூக்கிட்டு வராங்க. பாத்தீங்களா?"

"பாத்துட்டுதான் இருக்கேன். ரெண்டு."

"எண்ணிக்கை வேறயா?"

அவர் கண் வாசலிலேயே இருந்தது. நெற்றி பூரா வியர்வை. ஃபேனுக்கு நேர் கீழே சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன வியர்வை வேண்டிக்கிடக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது கட்டோடு அக்கா வாசற்படியில் நின்றுவிட்டாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிடுவார் என்றுதான் தோன்றியது. இல்லை, இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க நல்லா உட்காருங்க. நான் போறேன்." வக்கீலம்மா பையைக் கீழே வைத்தாள்.

"தொடாதேம்மா. அவதான் தூக்கணும்."

"இது கொடுமைண்ணா. கேஸ் போட்டா உள்ள போயிடுவீங்க."

"போடும்மா. அஞ்சாவது கட்டு வந்ததும் போடு."

நான்காவது வந்தது. ஐந்தாவது மேஜைமேல் தொம்மென்று விழுந்தது. அக்கா நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆச்சு. நாளையிலேர்ந்து நானும் கடைக்கு வரேன்."

"வலிக்கலையாக்கா?"

"வலிச்சுது, கொஞ்சமா. முன்னெல்லாம் துடைப்பத்தைப் பாத்தாலே வலிக்கும். ஸ்கேன் எடுத்தா ஒண்ணுமில்லங்கறாங்க. கடைசியில ஒரு மனநல ஆலோசகரம்மாகிட்ட போனேன். நாலு மாசமாப் பேச்சும் பயிற்சியும்தான்."

"வலி மனசுலதான்னுட்டாங்களாக்கும். பொம்பளைக்கு வலின்னா உடனே இதைச் சொல்லிடுவாங்களே."

"நானும் உன்னை மாதிரியேதான் சண்டை போட்டேன். வலி நெஜம்தாம்மா, ஆனா காயம் எப்பவோ ஆறிப்போச்சு, பயத்துல மூளைதான் இன்னும் அபாய மணி அடிச்சுக்கிட்டே இருக்குன்னாங்க. ஆபத்து இல்லன்னு அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் புரிய வைக்கணுமாம். முதல்ல ஒரு புஸ்தகம் தூக்கினேன், அப்புறம் அரை வாளித் தண்ணி. இன்னிக்கு வீட்டுப்பாடம் அஞ்சு கட்டு."

"படியில நின்னு என்ன முணுமுணுத்தீங்க?"

"முதுகுகிட்டதான் பேசினேன். நீ நல்லாத்தான் இருக்க, சும்மா கத்தாதேன்னு."

வக்கீலம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வழக்கை விடுவதாயில்லை. "எல்லாம் சரி. வேடிக்கை பாக்கறதுதான் அண்ணனோட வீட்டுப்பாடமா?"

"மூணு வருஷமா நான் ஒரு டம்ளர் எடுத்தாக்கூட, 'ஐயோ, பாத்து'ன்னு ஓடிவந்து பிடுங்கிடுவாரு. அதுலயே என் பயம் கூடிப்போச்சு. அந்தம்மா இவரைக் கூப்பிட்டு, அவங்க தூக்கறப்ப நீங்க எழுந்திருக்கவே கூடாதுன்னுட்டாங்க. என்னோடதைவிட இவரு பாடம்தான் கஷ்டம்." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "போதுங்க, கையை எடுங்க."

அவர் தொடைக்கு அடியிலிருந்து கைகளை மெல்ல உருவினார். இரண்டு உள்ளங்கையிலும் நாற்காலியின் பின்னல், கட்டம் கட்டமாக, செக்கச்செவேலென்று பதிந்திருந்தது.