அனுமதிக்கவா, தடுக்கவா

பேக்கப் மறுபடியும் நின்றுபோயிருந்தது.

மெக்கானிக்குக் கோபம்கூட வரவில்லை, குழப்பம்தான் வந்தது. இதே மேசை, இதே கம்ப்யூட்டர், இதே கோளாறு. மூன்றாவது தடவையாக வந்திருக்கிறான்.

நகல் எடுக்கிற பேக்கப் புரோகிராம் நல்லதுதான். காவல் காக்கிற ஆன்ட்டிவைரஸும் நல்லதுதான். இந்த வீட்டில் மட்டும் இரண்டுக்கும் சம்பந்தி சண்டை. அது கோப்புகளைத் தொடப் போனால் இது திருடன் என்று கையைப் பிடித்துக்கொள்கிறது.

"தம்பி, இன்னிக்கு இது ஓடியே ஆகணும்" என்றார் டீச்சர்.

ஓடித்தான் ஆகவேண்டும். எட்டாம் வகுப்புக்கு அவர் எழுதும் அறிவியல் புத்தகம், படங்களோடு சேர்த்து இரண்டு வருட உழைப்பு, இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது. பெட்டியோ கரகரவென்று முனக ஆரம்பித்துவிட்டது. நாளைக்கே படுத்துவிட்டால் ஒரு வரிகூட மிஞ்சாது.

போன இரண்டு தடவையும் ஆன்ட்டிவைரஸைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொடுத்தான். சாயங்காலம் பேக்கப் தானாக ஓட ஆரம்பிக்கும்போது அது ஒரே ஒரு முறை கேட்கும்: அனுமதிக்கவா, தடுக்கவா? அனுமதி என்று அழுத்தினால் அப்புறம் ஜென்மத்துக்கும் கேட்காது. படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

இப்போது பார்த்தால் யாரோ தடு என்று அழுத்தியிருக்கிறார்கள். இரண்டு தடவையும்.

யார்?

சாயங்காலம் டீச்சர் டியூஷன் எடுக்கப் போய்விடுவார். வீட்டில் மிச்சம் இருப்பது அவர் வீட்டுக்காரர். அவருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம். தூசி தட்டக்கூட அதன் பக்கம் வரமாட்டார். முதல் தடவை மெக்கானிக் இருவரையும் நிற்கவைத்து, இங்கே இருப்பது அப்படியே வெளி டிஸ்க்கிலும் இருக்கும், இங்கே அழித்தது அடுத்த முறை ஓடும்போது அங்கேயும் அழிந்துவிடும் என்று விளக்கினான். டீச்சர் சட்டென்று புரிந்துகொண்டார். வீட்டுக்காரர்தான் ஒன்றும் புரியாத முகத்தோடு அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளுக்குள் தலையை விட்டிருந்தார். வெகு நேரமாகப் பக்கம் புரளவில்லை.

வீடும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அவன் வந்து, அதில் இருந்ததையெல்லாம் ஒரு கறுப்பு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொடுத்தபோது டீச்சரின் பெண் அவன் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "அண்ணா, ரிப்பேர் பண்றீங்களா, வேண்டிக்கிறீங்களா?" என்று கலாய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஏதோ நாடகக் குழுவோடு கிளம்பிப் போய்விட்டாளாம். தனக்கு அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். தெருவில் பேசிக்கொண்டார்கள். நமக்கெதற்கு வம்பு என்று அவன் வேலையில் கண்ணாக இருந்தான்.

இந்த முறை சாயங்காலம் வரை விடுவதாக இல்லை. ஆன்ட்டிவைரஸைப் புதிதாகப் போட்டான். தன் கையாலேயே பேக்கப்பையும் ஓட்டிவிட்டுத்தான் நகர்வது என்று முடிவு செய்தான்.

அந்தக் கறுப்பு டிஸ்க்கைச் செருகினான். ஓட ஆரம்பிக்கும் முன் பேக்கப் விவரம் சொன்னது. டிஸ்க்கில் புதிதாகச் சேரப்போவது அறிவியல் புத்தகம். டிஸ்க்கிலிருந்து நீங்கப்போவது ஒரே ஒரு ஃபோல்டர். அதன் பெயர் வாயாடி.

என்ன இது என்று திறந்து பார்த்தான்.

படங்கள். முன்பல் விழுந்த சிரிப்பு. பள்ளிச் சீருடையில் ஒரு முறைப்பு. மீசை வரைந்துகொண்டு இடுப்பில் கைவைத்து நிற்கிற அதே பெண்.

கம்ப்யூட்டருக்குள் தேடினான். அங்கே ஒரு படம்கூட இல்லை. அவனுக்கு இன்னும் குழம்பியது.

"நான்தான் அழிச்சேன்" என்றார் டீச்சர், அவன் கேட்காமலேயே. குரல் கெட்டியாகத்தான் இருந்தது. "அவ போன அன்னிக்கே."

ஜன்னலோரம் செய்தித்தாள் இன்னும் மேலே ஏறி முகத்தை மறைத்துக்கொண்டது.

வீட்டுக்காரர் அன்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னது எதற்கு என்று மெக்கானிக்குக்கு இப்போதுதான் உறைத்தது. பாவம், மனிதர் மவுஸை எப்படித்தான் பிடித்தாரோ.

"இதை ஓட்டினா அந்தப் படமெல்லாம் டிஸ்க்லேருந்தும் போயிடும்மா."

"ஓட்டுங்க."

அவன் தயங்கித் தயங்கி அழுத்தினான். உடனே ஆன்ட்டிவைரஸ் குறுக்கே வந்து நின்றது. அனுமதிக்கவா, தடுக்கவா?

பெட்டி முனகிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு வருடப் புத்தகம். யார் பேச்சைக் கேட்பது?

"தள்ளுங்க" என்று டீச்சர் மவுஸை வாங்கினார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் மீசைக்காரி இன்னும் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்குவதைக் கண்டு மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான்.

தடு.

"இந்த டிஸ்க்ல ஏதோ வைரஸ் இருக்கும் போல" என்றார் டீச்சர், வகுப்பறைக் குரலில். "இப்பவே போய் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. புத்தகத்தை அதுல ஏத்திடலாம்."

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றார் வீட்டுக்காரர், செய்தித்தாளை இறக்காமல்.

மெக்கானிக் வயரைச் சுருட்டினான். வேண்டாத டிஸ்க்கை எடுத்துப்போவது அவன் வழக்கம். பழக்கதோஷத்தில் அந்தக் கறுப்பு டிஸ்க்கைத் தன் பைக்குள் வைக்கப் போனான்.

"அது இருக்கட்டும்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.