வீட்டுக்காரர் செய்யலாம்

வீட்டுக்காரருடைய அப்பாவின் மூச்சு மெஷினில் பேட்டரி அரை மணி நேரம்தான் தாங்கும். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாம். தெருவெல்லாம் கரண்ட் இருக்க, இவர் வீட்டில் மட்டும் இல்லை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் எவனும் போனை எடுக்கவில்லை. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"சரி பண்ணுப்பா!" முகத்தைப் பார்க்காமலே கெஞ்சினார்.

"லைசென்ஸ் இல்லாம நான் தொட்டா உள்ளே தள்ளிடுவாங்க சார். வீட்டுக்காரர் தானே ரிப்பேர் பண்ணிக்கலாம், சட்டம் இருக்கு. நீங்களே பண்ணுங்க."

அவர் ஸ்குரூடிரைவரை அவனிடமே நீட்டினார். "எந்த ஒயர் எதுன்னே எனக்குத் தெரியாதேப்பா! நீ பண்ணு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"எப்படி சார் சொல்வீங்க?" எலக்ட்ரீஷியன் மெயின் பெட்டியைத் திறந்தான். "ஒயரைப் பிடிக்கவே தெரியலன்னு போன மாசம் லைசென்ஸ் தேர்வுல என்னை ஃபெயிலாக்கின ஆபீசரே நீங்கதானே!"